கச்சான் காற்றை எதிர்த்து மூன்று டன்: ஒரு டீசல் பிக்கப்பின் இழுவையைக் கூட்டத் திட்டமிட்ட விதம்

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிக்க இரண்டு வாரம் இருந்தது. உச்சிப்புளியில் இருக்கும் என் பட்டறை வாசலில் அந்த வண்டி வந்து நின்றபோது நான் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே சத்தம்தான் காதில் விழுந்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போவின் விசில் எழும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு. அந்தச் சத்தத்தை அன்றைக்கே மதித்திருந்தால் பத்து நாளும் கொஞ்சம் பணமும் மிச்சமாகியிருக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வந்தவர் பெரியபட்டினத்துக்காரர். இருபது வருஷம் விசைப்படகில் டிரைவராக இருந்துவிட்டுக் கரையேறி, பிக்கப் வாங்கி மீன் லோடு அடிக்கிறார். எங்கள் பக்கத்து வழக்கப்படி எனக்கு அவர் காக்கா, அதாவது அண்ணன்.

"தம்பி, போன ஆடி பூராவும் இந்த வண்டியோட மல்லுக்கட்டிட்டேன். ராமநாதபுரம் தாண்டி சத்திரக்குடி ரோட்ல ஏறுனா கச்சான் மூஞ்சியில அடிக்குது. நாலாவது கியர்ல எழுவதுக்கு மேல ஏறமாட்டேங்குது. மதுரை மார்க்கெட்டுக்கு நேரத்துக்குப் போகலைன்னா நண்டு, கணவாயெல்லாம் பாதி விலைக்குப் போயிரும். செலவப் பத்திக் கவலப்படாத. இழுவையக் கூட்டிக் குடு."

கச்சான் என்பது எங்கள் கரையில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்று. அவர் கையில் ஒரு சீட்டு வைத்திருந்தார். லோடு லைனில் யாரோ எழுதிக் கொடுத்தது. பெரிய டர்போ, ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவது), இ.ஜி.ஆர். (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடும் வால்வு) அடைப்பு, சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டை எடுத்துவிட்டு நேர்க்குழாய். இவை போதாதென்று போன வருஷமே 14,000 ரூபாய்க்கு ஒரு டியூனிங் பெட்டி வாங்கி மாட்டியிருந்தார். மாட்டிய புதிதில் நன்றாக இழுத்ததாம். பிறகு புகைதான் கூடியதாம்.

வண்டி 2018 மாடல், பி.எஸ்.4 புகை விதிக்கு உட்பட்டது. இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர், காமன் ரெயில் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல்), டர்போ, இன்டர்கூலர் (டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் பாகம்). கம்பெனிக் கணக்கில் 200 நியூட்டன் மீட்டர் டார்க், 75 குதிரைத்திறன். ஓடியது 2,80,000 கிலோமீட்டர். பின்னால் ஃபைபர் ஐஸ் பெட்டி. அதற்கு மேலே ஒரு கேரியர், கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய காலி பிளாஸ்டிக் பெட்டிகள்.

எவ்வளவு வேண்டும்?

'இழுவையைக் கூட்டு' என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, எங்கே, எந்த வேகத்தில், எந்த எடையோடு இழுவை போதவில்லை என்பதைத்தான். இதற்குப் பதில் இல்லாமல் பாகம் வாங்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. காக்காவின் பதில் தெளிவாக இருந்தது: மாலை நேரம், முழு லோடு, மேற்கே பார்த்த ரோடு, எதிரே கச்சான்.

மறுநாள் அவர் லோடு ஏற்றிவரும்போது எடை மேடையில் போடச் சொன்னேன். மொத்தம் 3,050 கிலோ. ஆர்.சி.யில் இருக்கும் அளவுக்குள்தான் இருந்தது. இனிமேலும் அதைத் தாண்டக் கூடாது என்பதை இந்த வேலைக்கே நிபந்தனையாக வைத்தேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

இந்த எடையோடு சமமான ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கு, டயர் உருள்வதற்கென்று சக்கரத்தில் சுமார் 8 கிலோவாட் வேண்டும். காற்றைக் கிழித்துக்கொண்டு போக, இந்த உயரப் பெட்டிக்கும் கேரியருக்கும் சேர்த்து நான் போட்ட கணக்கில் சுமார் 14 கிலோவாட். ஆக 22. காற்றில்லாத விடிகாலையில் இந்த வண்டி யாரையும் தொந்தரவு செய்யாததற்குக் காரணம் இதுதான்.

இப்போது எதிரே 40 கிலோமீட்டர் வேகத்தில் கச்சான் அடிக்கிறது என்று வையுங்கள். ஸ்பீடாமீட்டர் 80தான் காட்டும். ஆனால் வண்டியின் நெற்றியில் மோதும் காற்றின் வேகம் 120. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 120-ஐ 80-ஆல் வகுத்தால் ஒன்றரை. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் ரெண்டேகால். 14 கிலோவாட் 31 ஆகிவிடும். டயருக்கு உள்ள 8-ஐச் சேர்த்தால் 39.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஐந்தாவது கியரில் 80-ல் போகும்போது இந்த இன்ஜின் கிட்டத்தட்ட 2,200 சுற்றில் ஓடும். 200 நியூட்டன் மீட்டரை அந்தச் சுற்றால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் 46 கிலோவாட். கியர்பாக்ஸ், ஜாயின்ட், பின் ஆக்ஸில் என்று வழியில் போவது போகச் சக்கரத்துக்கு 40 வரும். தேவை 39, கைவசம் 40. அதாவது நல்ல நிலையில் இருக்கிற வண்டி கச்சானில் மூச்சைப் பிடித்துக்கொண்டு 80-ல் போய்விடும். காக்காவின் வண்டி 70-ல் நின்றுவிடுகிறது. 70-க்குத் தேவை சுமார் 30 கிலோவாட். அப்படியானால் சக்கரத்துக்கு வருவதே 30, 31-தான்.

இதை ஊகமாக விட்டுவிட எனக்கு மனசில்லை. எங்கள் பக்கம் சக்கரத்தின் சக்தியை அளக்கும் டைனோ மேடை கிடையாது. அதனால் காலை ஐந்து மணிக்கு, காற்று விழுந்து கிடக்கும் நேரத்தில், மண்டபம் ரோட்டில் ஆளில்லாத நேர்பாதையில் அதே எடையோடு ஓட்டினோம். நாலாவது கியரில் 50-லிருந்து 80-க்கு எத்தனை வினாடி என்று போன் ஜி.பி.எஸ்-ஐ வைத்துப் பார்த்தோம். போக மூன்று தடவை, வர மூன்று தடவை. சராசரி 26 வினாடி. எடையும் வேகமும் நேரமும் தெரிந்தால் சக்கரத்துக்கு வந்த சக்தியைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். வந்தது 31.5 கிலோவாட். டியூனிங் பெட்டி மாட்டியிருக்கும்போதே இவ்வளவுதான்.

காக்காவிடம் சொன்னேன்: "நீங்க இழுவையக் கூட்டச் சொல்றீங்க காக்கா. பிறக்கும்போது இருந்ததுலயே கால்வாசியக் காணோம். அத மொதல்ல தேடுவோம்."

காற்று எங்கே போனது?

டீசல் இன்ஜினில் சக்தியைத் தீர்மானிப்பது டீசல்தான், ஆனால் அந்த டீசல் முழுசாக எரியக் காற்று வேண்டும். ஒரு கிலோ டீசலுக்குக் கணக்குப்படி பதினாலரை கிலோ காற்று போதும். நடைமுறையில் 18 கிலோவுக்குக் கீழே போனாலே சைலன்சரில் கறுப்பு தெரிய ஆரம்பிக்கும். அதனால் புகை விடும் வண்டிக்கு மேலும் டீசல் கொடுப்பது, பசியில்லாத பிள்ளைக்கு இன்னொரு தட்டுச் சோறு வைப்பது போலத்தான்.

ஸ்கேனரில் டர்போ அழுத்தக் குறைவு என்று பழுது பதிவாகியிருந்தது. காக்காவைக் கேட்டால், அந்த லைட் இரண்டு தடவை எரிந்ததாகவும், வழியில் யாரிடமோ காட்டி அணைத்துக்கொண்டதாகவும் சொன்னார். முழு மிதியில் 2,200 சுற்றில் இ.சி.யு. (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) கேட்பது 2.1 பார் அழுத்தம், கிடைப்பது 1.6.

இங்கேதான் நான் சறுக்கினேன். ஹோஸைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே எண்ணெய்ப் படிவு. டர்போ தண்டை விரலால் அசைத்தால் லேசான ஆட்டம். 2,80,000 ஓடிய வண்டி. டர்போ போய்விட்டது என்று முடிவுகட்டி, உள்பாகத்தை வரவழைத்து மாற்றினேன். அழுத்தம் 1.6-லிருந்து 1.65-க்கு வந்தது. அவ்வளவுதான். லேசான எண்ணெய்ப் படிவு இந்த வயசு இன்ஜினில் இயல்பு. தண்டின் ஆட்டமும் இருக்கவேண்டிய இடைவெளிக்குள்தான் இருந்தது. அளந்து பார்க்காமல் விரலை நம்பியது என் தப்பு. அந்தப் பாகத்துக்கான காசை நான் வாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். காற்று உள்ளே வரும் வாயை அடைத்து, கம்ப்ரஸர் ஹோஸைக் கோத்து, ஒரு பார் அழுத்தம் கொடுத்தேன். பட்டறையில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். அதே 'உஸ்'. பம்பருக்குப் பின்னாலிருந்து வந்தது.

பம்பரைக் கழற்றி, இன்டர்கூலரின் அடியில் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினேன். கீழ்விளிம்பில், பக்கத் தொட்டியும் கோரும் சேரும் மடிப்பில், ஒரு சாண் நீளத்துக்கு நுரை பூத்தது. சின்னச் சின்னக் குமிழி இல்லை, தேன்கூடு மாதிரி அடைஅடையாகப் பொங்கியது. நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. ஈரக் கோலமாவு மாதிரி விரலில் ஒட்டியது. அது அலுமினியம் தின்னப்பட்டு மிச்சமிருக்கும் அரிமானப் பொடி. அலுமினியத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய காப்புத் தோல் இருக்கும். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தத் தோலைப் பொத்தல் போட்டுவிடும். பக்கத்திலேயே இரும்புத் தாங்கு இருந்து, நடுவே உப்பு ஈரமும் சேர்ந்தால் அந்த இடம் ஒரு சின்ன பேட்டரியாகவே மாறி அலுமினியத்தைக் கரைக்கும். அந்த ஒரு சாண் நீளம் சரியாகத் தாங்குக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

மேலே கோரின் தகடுகளுக்கு நடுவே தனுஷ்கோடி ரோட்டு மணலும் உப்பும் சேர்ந்து காரை பூசினாற்போல் இறுகியிருந்தன. அதனால் ஓட்டை ஒரு பக்கம், குளிர்விக்காத கோர் இன்னொரு பக்கம் என்று இரண்டு நஷ்டம். டர்போ காற்றை இரண்டு மடங்காக அமுக்கும்போது 35 டிகிரிக் காற்று 130 டிகிரி வரை சூடாகும். நல்ல இன்டர்கூலர் அதை 60-க்கு இறக்கும். இது 90-ல் விட்டுக்கொண்டிருந்தது. ஒரே அழுத்தத்தில் 90 டிகிரிக் காற்றைவிட 60 டிகிரிக் காற்று ஒன்பது சதவீதம் கனம். டீசலைத் தொடாமலே கிடைக்கும் ஒன்பது சதவீதம்.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று பேசும்போது காக்கா ஒரு விஷயம் சொன்னார். வாரம் தவறாமல் வாட்டர் சர்வீஸ் விட்டு முன்பக்கமெல்லாம் நன்றாக அடித்துக் கழுவுகிறாராம். எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன். போர் தண்ணீர். கரையோரத்துப் போர் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. அதில் கழுவி வெயிலில் நிறுத்தினால் தண்ணீர் போய்விடும், உப்பு தகட்டிலேயே தங்கிவிடும். சுத்தம் பார்க்கிற மனுஷன் வாராவாரம் உப்புப் பூசிக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் மாவட்டத்தில் நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம், அதை வண்டியில் ஊற்ற யாருக்கு மனசு வரும்? ஆனாலும் கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம் காவிரித் தண்ணீர் ஊற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பெட்டி

டியூனிங் பெட்டியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கரையில் நிறைய வண்டிகளில் அது ஏறிவிட்டது. பழைய மெக்கானிக்கல் பம்ப்பில் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டுவோம். படகு இன்ஜினில் பழகியவர்களுக்கு அது கைவந்த கலை. காமன் ரெயிலில் திருக ஸ்க்ரூ இல்லை. அதனால் இந்தப் பெட்டி ரெயில் அழுத்த சென்சருக்கும் இ.சி.யு-வுக்கும் நடுவில் உட்கார்ந்து பொய் சொல்கிறது. உண்மையில் ரெயிலில் 1,600 பார் இருக்கும்போது 1,400தான் இருக்கிறது என்று காட்டும். இ.சி.யு. அதை நம்பிப் பம்ப்பை மேலும் முடுக்கும்.

இதில் கிடைப்பது எவ்வளவு? நாசிலின் வழியே போகும் டீசல் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். அழுத்தம் 14 சதவீதம் கூடினால் டீசல் 7 சதவீதம்தான் கூடும். ஆனால் பம்ப்பும் இன்ஜெக்டரும் 14 சதவீதப் பாரத்தையும் முழுசாகச் சுமக்க வேண்டும். ஏழுக்காகப் பதினாலைக் கொடுப்பது எந்தக் கடைக்காரனும் ஒத்துக்கொள்ளாத பேரம்.

காக்காவுக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று, இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றி, டர்போவுக்கு முன்னால் துளை போட்டு வெப்பமானி ஊசி ஒன்றைப் பொருத்தினேன். மேனிஃபோல்டைக் கழற்றாமல் துளை போடக் கூடாது. ஒரு துணுக்கு இரும்பு உள்ளே விழுந்தால் டர்போவின் இறக்கை போய்விடும். பிறகு முழு லோடோடு பாம்பன் ரோடு பாலத்தில் ஏறினோம். பெட்டி மாட்டியபடி ஏறும்போது முள் 730 டிகிரியைத் தொட்டது. கிளட்ச் கருகும் வாடையும் வந்தது. திரும்பி வந்து பெட்டியைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினோம். 655.

காக்கா நெடுநேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது, அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும் என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. புகையின் வெப்பமும் பிஸ்டனின் வெப்பமும் ஒன்றல்ல. அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சிப் பிஸ்டனைக் குளிர்விக்கிறது. ஆனாலும் 700-க்கு மேலே நிமிஷக்கணக்கில் ஓட்டினால் அந்தக் காப்பு மெலிந்துகொண்டே வரும். "போட்ல இப்புடி இழுத்தா ஒண்ணும் ஆகலையே தம்பி," என்றார். படகு இன்ஜினுக்குக் குளிர்விக்க மன்னார் வளைகுடாவே இருக்கிறது. ரோட்டில் ஓடும் வண்டிக்கு இருப்பது ஒரு ரேடியேட்டரும் சித்திரை வெயிலும்தான்.

பெட்டியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். வேறு யாருக்கும் விற்க மாட்டேன் என்று அவராகவே சொன்னார்.

சீட்டில் இருந்தவை

பெரிய டர்போ வேண்டாம் என்றதற்குக் காரணம் சுலபம். டர்போவுக்குள் இருக்கும் சக்கரம் பெரிதானால் அது சுழன்று எழும்பத் தாமதமாகும். காக்காவுக்கு வேண்டியது 1,800-க்கும் 2,400-க்கும் நடுவே இருக்கும் இழுவை. பெரிய டர்போ அதற்கு மேலேதான் கண்விழிக்கும். பெரிய இன்டர்கூலரையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 டிகிரியை 50-க்கு இறக்கினாலும் மூன்று சதவீதம்தான் கூடுதல் காற்று. கம்பெனி அளவே போதும், அது சுத்தமாக இருந்தால்.

ரீமேப்பை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனமில்லை. முறையாகச் செய்தால் அது பெட்டியைவிட எவ்வளவோ மேல். டீசல் பீய்ச்சும் நேரம், டர்போ அழுத்தம், டீசல் அளவு மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தி மாற்ற முடியும். 200-ஐ 240 நியூட்டன் மீட்டர் ஆக்கினால் 2,000 சுற்றில் 42 கிலோவாட் 50 ஆகும். ஆனால் அந்த 40 நியூட்டன் மீட்டரைக் கிளட்ச் தாங்க வேண்டும், ஹெட் கேஸ்கட் தாங்க வேண்டும், பிரேக் நிறுத்த வேண்டும்.

அதற்கும் மேலே சட்டம் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. இ.ஜி.ஆர். அடைப்பதும் கேட்டலிஸ்ட்டை உருவுவதும் இதற்குள்தான் வருகின்றன. பி.எஸ்.4 டீசலுக்குப் புகை ஒளியை மறைக்கும் அளவு மீட்டருக்கு 1.62-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் எஃப்.சி. எனும் தகுதிச் சோதனையில் நிற்கும். ராத்திரி ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஏதாவது நடந்து, இன்சூரன்ஸ்காரர் இந்த மாற்றங்களைக் காட்டிக் கைவிரித்தால் காக்காவின் குடும்பம் என்ன செய்யும்? நான் பயந்தது இதற்குத்தான். சீட்டை மடித்து டிராயரில் போட்டேன்.

தடைக்காலத்து வேலை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது, லோடும் கிடையாது. வண்டியை நிதானமாகப் பிரிக்க எங்கள் கரையில் இதைவிட நல்ல காலம் இல்லை.

புது இன்டர்கூலர், கம்பெனி அளவு. அலுமினியத்துக்கும் இரும்புத் தாங்குக்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்தேன். ஹோஸ் நான்கும் புதிது, கிளிப்பெல்லாம் துருப்பிடிக்காத எஃகு. ரேடியேட்டரைக் கழற்றித் தகடுகளை அலசினோம். உள்ளே போர் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சுண்ணாம்பு படிந்திருந்தது. அதைச் சுத்தம்செய்து கூலன்ட் நிரப்பினோம். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கின் ரிட்டர்னையும் (பீய்ச்சாமல் திரும்பும் டீசல்) குழாய் போட்டுப் பிடித்துப் பார்த்ததில் மூன்றாவது மட்டும் மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு ஒழுக்கியது. அதை மட்டும் மாற்றினோம். டீசல் ஃபில்டர், காற்று ஃபில்டர், இ.ஜி.ஆர். கரியெடுப்பு, இவையெல்லாம் வழக்கமான வேலைகள்.

பின் பிரேக் அப்படியில்லை. முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. பிரேக்கை அதிகம் தொடாமல் இருபது கிலோமீட்டர் ஓட்டிவந்து வெப்பத்தை அளந்தபோது இடது பின் டிரம் 140 டிகிரி, வலது 70. டிரம்மைக் கழற்ற அரைநாள் ஆனது. ஐஸ் பெட்டியின் வடிகுழாய் சரியாக இடது சக்கரத்துக்கு மேலேதான் முடிகிறது. மீன் தண்ணீர் ஏழு வருஷமாக அங்கேயே சொட்டியிருக்கிறது. திறந்தால் வாடை தாங்கவில்லை. அட்ஜஸ்டர் துருவேறி ஒரே கட்டியாகிவிட்டது, லைனிங் டிரம்மை விட்டு விலகவே இல்லை. லோடுக்கு ஏற்பப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக்குறைக்கும் வால்வின் கம்பியும் இறுகிக் கிடந்தது. பிரேக்கை அழுத்திக்கொண்டேதான் இந்த வண்டி மதுரைக்கு ஓடியிருக்கிறது. அதைவிட மோசம், அவசரத்துக்கு மிதித்தால் ஒரு பக்கமாக இழுத்திருக்கும். மூன்று டன்னோடு 80-ல் போகிற வண்டி. இழுவையைக் கூட்ட வந்தவர்கள் எல்லோரிடமும் நான் பின் டிரம்மைத் திறந்து காட்டச் சொல்வதற்குக் காரணம் இந்த வண்டிதான். வடிகுழாயை நீட்டிச் சேசிஸைத் தாண்டிக் கொண்டுவந்து, சேகரிக்கும் கேன் ஒன்றை மாட்டினோம்.

கடைசியாகக் கேரியர். நாற்பது சென்டிமீட்டர் உயரம், வண்டியின் அகலம். வண்டி காற்றுக்குக் காட்டும் முகத்தில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. அதைக் கழற்றினால் கச்சானில் காற்றுக்குப் போகும் 31 கிலோவாட் 26 ஆகும். ஐந்து கிலோவாட், ஏறக்குறைய ஏழு குதிரைத்திறன், நாலு போல்ட்டைக் கழற்றினால் கிடைக்கும். காக்கா இதற்குத்தான் ரொம்ப யோசித்தார். காலிப் பெட்டிகளை எங்கே வைப்பது? ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பெட்டிகளாக மாற்றி ஐஸ் பெட்டிக்குள்ளேயே வைக்கலாம் என்று அவர் மகள் சொன்ன யோசனைதான் வழியைத் திறந்தது.

ஆடியில்

ஜூன் இரண்டாம் வாரம் அதே ரோட்டில், அதே எடையோடு, அதே விடிகாலையில் மறுபடி ஓட்டினோம். ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கேரியரை அன்றைக்கு மட்டும் திரும்ப மாட்டினேன். 26 வினாடி எடுத்தது 18-ல் முடிந்தது. காகிதத்தில் 39.4 கிலோவாட். சக்கரத்தில் பத்து குதிரைத்திறனுக்கு மேல் திரும்பி வந்திருக்கிறது, ஒரு சொட்டு டீசலைக் கூட்டாமல். டர்போ அழுத்தம் 2.1-க்குச் சற்றுக் கீழே நின்றது. பாம்பன் பாலத்தில் முள் 570-ஐத் தாண்டவில்லை. புகைச் சோதனையிலும் எல்லைக்கு நன்றாகக் கீழே.

உண்மையான பரீட்சை ஆடியில்தான். நானும் ஒரு லோடுக்குக் கூடப் போனேன். ராமநாதபுரம் தாண்டியதும் ரோட்டோரக் கருவேலம் எல்லாம் கிழக்கே சாய்ந்து கிடந்தது. கண்ணாடியில் மணல் சரசரவென்று அடித்தது. சத்திரக்குடிக்கு முன்னால் காக்கா ஐந்தாவது கியரிலேயே வைத்திருந்தார். 80. காற்று இன்னும் பலமாக அடித்தபோது 76-க்கு இறங்கியது. நாலுக்கு மாற்றினார், ஏறிக்கொண்டது. பரமக்குடி வரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. டீக்கடையில் இறங்கியதும் பின் இடது டிரம்மில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "பச்சப்புள்ள நெத்தி மாதிரி இருக்கு தம்பி," என்றார்.

லிட்டருக்குப் பத்தரை கொடுத்துக்கொண்டிருந்தது பன்னிரண்டுக்கு வந்திருப்பதாகப் பிறகு போனில் சொன்னார்.

கிளட்ச் இன்னும் பாக்கி. பெட்டி ஓடிய காலத்தில் அது வாங்கிய சூட்டுக்கு அடுத்த தடைக்காலம் வரை தாங்கினால் நல்லது. அதற்குள் வழுக்க ஆரம்பித்தால் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிட வேண்டியதுதான்.

நவம்பரில் மழை விட்ட ஒருநாள் வண்டி எண்ணெய் மாற்ற வந்தது. பம்பருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். புது இன்டர்கூலரின் கீழ்விளிம்பில், ரப்பர் பட்டை முடியும் இடத்தில், அரிசி மணி அளவுக்கு வெள்ளைப் பொடி. துடைத்தேன், பட்டையை இரண்டு விரற்கடை நீட்டி வைத்தேன், இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினேன். தேதியைப் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.